வங்கி நிறுத்தி வைத்த பணம்: கேட்பதற்கு உரியவர் யார்?

சங்க மலர் என்றால் இலக்கியம், கல்வெட்டு, கோயில் வரலாறு என்று அறிஞர் பெருமக்கள் எழுதுவது வழக்கம். அந்த வரிசையில் வங்கிக் கணக்கையும் கோர்ட்டு வழக்கையும் பற்றி ஒரு கட்டுரை எதற்கு என்று சிலர் நினைக்கலாம். வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேருக்காவது ஒரு கடை, ஒரு சிறு கம்பெனி, அண்ணன் தம்பி கூட்டு வியாபாரம் என்று ஏதாவது இருக்கிறது. எதுவும் இல்லாதவர்களும் தமிழ்ச் சங்கம் ஒன்றில் உறுப்பினராக இருப்பார்கள். இவை எல்லாவற்றின் பணமும் வங்கியில்தான் இருக்கிறது. அந்த வங்கி ஒருநாள் "பணம் தர முடியாது" என்று சொன்னால் என்ன செய்வது? கோர்ட்டுக்குப் போனால் முதலில் எழும் கேள்வி எது? இக்கட்டுரை அதைப் பற்றியது.

நான் பொழியூரில் பிறந்தவன். நெய்யாறு கடலில் சேரும் பூவாறுக்குத் தெற்கே, கேரளத்தின் கடைசிக் கடற்கரை ஊர் அது. அதைத் தாண்டினால் நீரோடி, தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ல் மொழிவழி மாநிலங்கள் பிறந்தபோது விளவங்கோடும் கல்குளமும் அந்தப் பக்கம் போயின. நெய்யாற்றின்கரை வட்டம் இந்தப் பக்கமே நின்றுவிட்டது. ஊர் விட்டு ஊர் போகாமலே நாங்கள் வெளிமாநிலத் தமிழர் ஆனோம். பிழைப்புக்காகத் திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் தமிழ் வியாபாரிகளிடம் கணக்கு எழுதினேன். கணக்கப்பிள்ளை என்றால் பேரேடு மட்டும் இல்லை. பாங்குக்கு ஓட்டம், வக்கீல் ஆபீசுக்கு ஓட்டம் எல்லாம் அவன் தலையில்தான். அந்த ஓட்டத்தில் கேட்டதும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதும்தான் இங்கே எழுதியிருப்பவை.

வங்கியில் இருப்பது யாருடைய பணம்?

"எம் பைசாவை பாங்குல போட்டு வச்சிருக்கேன்" என்று சொல்கிறோம். பெட்டியில் வைத்துப் பூட்டிய பணம் போல அது அங்கே இருக்கிறது என்பது நம் எண்ணம். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. இங்கிலாந்தில் 1848-ல் ஃபோலி என்பவருக்கும் ஹில் என்பவருக்கும் நடந்த வழக்கில் பிரபுக்கள் சபை சொன்ன கருத்துதான் இன்றும் இந்தியாவில் அடிப்படை. நாம் செலுத்திய நொடியில் பணம் வங்கியுடையதாகிவிடுகிறது. நமக்கு இருப்பது, கேட்டால் திருப்பித் தர வேண்டும் என்கிற உரிமை. அதாவது வங்கி நமக்குக் கடன்காரன்; நாம் கடன் கொடுத்தவர்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்பது பழைய திருவிதாங்கூர்க்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். 1938-ல் திருவாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி மூடியபோதும், 1960-ல் பாலாய் சென்ட்ரல் வங்கி மூடியபோதும், பணம் போட்டவர்கள் கடன் கொடுத்தவர்களின் வரிசையில்தான் நிற்க வேண்டியிருந்தது. பாலாய் வங்கி விழுந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் 1962-ல் வைப்புத்தொகைக் காப்பீடு வந்தது. அன்று ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை. 2020 முதல் 5 லட்சம் வரை.

வங்கி ஆரோக்கியமாக இருக்கும்போது நம் உரிமை பலமானது. கணக்கில் போதுமான பணம் இருந்தும் முறையான காசோலையைத் திருப்பினால், அதனால் நமக்கு வந்த நஷ்டத்தை வங்கி ஈடு செய்ய வேண்டும் என்று 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு சொல்கிறது.

எப்போது நிறுத்தி வைக்கலாம்?

ஆனால் நிறுத்தி வைக்க வங்கிக்கும் சில நியாயமான காரணங்கள் உண்டு.

முதலாவது, வங்கிக்கு நாம் தரவேண்டிய பாக்கி. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆம் பிரிவு வங்கிகளுக்குப் பொதுவான பிடிப்புரிமை ஒன்றைத் தருகிறது. 'லீன்' என்று மேனேஜர்கள் சொல்வது இதைத்தான். இதில் ஒரு முக்கியமான வரம்பு உண்டு. கடன் யார் பெயரில், எந்த நிலையில் இருக்கிறதோ, பணமும் அதே பெயரில், அதே நிலையில் இருக்க வேண்டும். கம்பெனி இயக்குநர் தன் சொந்த வீட்டுக் கடனைக் கட்டவில்லை என்பதற்காகக் கம்பெனிக் கணக்கில் கைவைக்க முடியாது. கம்பெனி வேறு ஆள், இயக்குநர் வேறு ஆள். 1896-ல் இங்கிலாந்தின் சாலமன் வழக்கில் உறுதியான கோட்பாடு இது. கம்பெனிக் கடனுக்கு அவரே ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு.

இரண்டாவது, வெளியிலிருந்து வரும் உத்தரவு. நமக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கியவர் கோர்ட்டு மூலம் நம் கணக்கை முடக்கலாம். வருமான வரித்துறை நேராக வங்கிக்கே நோட்டீஸ் அனுப்பலாம். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 83-ஆம் பிரிவின் கீழ் தற்காலிக முடக்கம் வரலாம். ஆனால் அது ஓராண்டுக்கு மேல் நிற்காது. போலீசும் முடக்கலாம். வங்கிக் கணக்கு என்பதும் போலீஸ் கைப்பற்றக்கூடிய ஒரு 'சொத்து'தான் என்று 1999-ல் தபஸ் நியோகி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அண்மைக் காலத்தில் இது சின்னக் கடைக்காரர்களையும் தொட்டுவிட்டது. எங்கோ ஒரு மோசடிக்காரன் கை மாற்றிவிட்ட சில நூறு ரூபாய் நம் கடைக் கணக்குக்கு யு.பி.ஐ. வழியாக வந்துவிட்டால், முழுக் கணக்கும் முடங்கிப் போகிறது. கேரளத்தில் இது பெருகியபோது, போலீஸ் குறிப்பிட்ட தொகையை மட்டும் நிறுத்தி வைத்தால் போதும், மீதியைக் கணக்குதாரர் எடுக்க விட வேண்டும் என்று 2023-ல் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

மூன்றாவது காரணம்தான் நம்மவர்களை அதிகம் வதைப்பது. "பணம் உங்களுடையதுதான். ஆனால் நீங்கதான் அதைக் கேக்கக்கூடிய ஆளா?" என்ற கேள்வி. கையெழுத்துப் போடும் உரிமை யாருக்கு என்பதில் சந்தேகம் வந்தால் வங்கி கதவைச் சாத்திவிடும். இதே கேள்வி கோர்ட்டிலும் எழும் என்பதுதான் பலருக்குத் தெரியாதது.

ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர் வழக்கு

எங்கள் பக்கத்தில் பாங்கு என்றாலே நெடுங்காலம் ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர்தான். 1945-ல் திருவிதாங்கூர் வங்கி என்று தொடங்கி, 1960-ல் பாரத ஸ்டேட் வங்கியின் துணை வங்கியாகி, 2017 ஏப்ரல் 1-ல் அதோடு இணைந்துவிட்டது. பெயர்ப்பலகை மறைந்தாலும், அந்த வங்கியின் பெயரில் உள்ள ஒரு தீர்ப்பை இன்றும் நாடெங்கும் உள்ள கோர்ட்டுகளில் வக்கீல்கள் எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூருக்கும் கிங்ஸ்டன் கம்ப்யூட்டர்ஸ் என்ற கம்பெனிக்கும் நடந்த வழக்கில் 2011 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு அது.

கம்பெனி, வங்கியிடமிருந்து தனக்குப் பணம் வர வேண்டும் என்று வழக்குத் தொடுத்தது. கம்பெனியின் சார்பில் ஒருவர் பிராதில் கையெழுத்திட்டார். அவர் தம்மை இயக்குநர் என்றார். அவருக்கு அதிகாரம் தந்ததாகக் காட்டப்பட்டது ஒரு கடிதம். கம்பெனியின் தலைமை நிர்வாகி என்று தம்மைச் சொல்லிக்கொண்ட இன்னொருவர் எழுதிக் கொடுத்தது அது. விசாரணை நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. தில்லி உயர் நீதிமன்றம் அதை மாற்றிக் கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. வங்கி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

உச்ச நீதிமன்றம் பார்த்தது ஒரே ஒரு விஷயத்தை. கையெழுத்திட்டவர் இயக்குநராக நியமிக்கப்பட்டார் என்பதற்குச் சான்று உண்டா? வழக்குப் போட வேண்டும், இவர் போட வேண்டும் என்று இயக்குநர் குழு தீர்மானம் போட்டதா? இரண்டுக்கும் சான்று தாக்கல் ஆகவில்லை. அந்தக் கடிதத்தை நீதிமன்றம் வெறும் காகிதத் துண்டு என்று ஒதுக்கியது. ஏனென்றால் வழக்குப் போட மற்றொருவருக்கு அதிகாரம் தரும் உரிமையை இயக்குநர் குழு அந்தத் தலைமை நிர்வாகிக்கே தீர்மானம் மூலம் தந்திருக்கவில்லை. தன்னிடம் இல்லாததை ஒருவர் பிறருக்குக் கொடுக்க முடியாதல்லவா? உயர் நீதிமன்றத் தீர்ப்பு ரத்தாகி, விசாரணை நீதிமன்றத்தின் தள்ளுபடி மீண்டும் நிலைத்தது.

கேரளக் கோர்ட்டுகளில் பிராதுக்கு 'அன்யாயம்' என்று பெயர். அன்யாயம் கொடுத்தவர் அன்யாயக்காரர். தமிழ்க் காதுக்கு இது வேடிக்கையாக இருக்கும். இந்தத் தீர்ப்பைப் படித்தால் அந்தக் கம்பெனிக்கு வேடிக்கை தோன்றியிருக்காது. பல வருஷம் நடந்த வழக்கு, ஒரு பக்கத் தீர்மான நகல் இல்லாததால் வீழ்ந்தது.

மறுபக்கமும் உண்டு

அப்படியானால் கையெழுத்தில் சின்னக் குறை இருந்தாலே வழக்குப் போய்விடுமா? இல்லை. 1996-ல் யுனைடெட் பாங்க் ஆஃப் இந்தியா, நரேஷ் குமார் என்பவர் மேல் போட்ட கடன் வழக்கிலும் இதே கேள்வி எழுந்தது. அங்கே வழக்குப் போட்டது வங்கி. கையெழுத்திட்ட அதிகாரிக்கு அதிகாரம் இருந்தது நிரூபிக்கப்படவில்லை என்று கீழ்க்கோர்ட்டுகள் வழக்கைத் தள்ளின. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 29-ஆம் கட்டளைப்படி கம்பெனியின் செயலாளர், இயக்குநர் அல்லது முதன்மை அதிகாரி பிராதில் கையெழுத்திடலாம். முன்கூட்டி அதிகாரம் தராவிட்டாலும் கம்பெனி பிற்பாடு அதை ஏற்று உறுதி செய்யலாம். வங்கி பல வருஷம் வழக்கை நடத்தியதே அந்த ஏற்புக்குச் சான்று. சீர் செய்யக்கூடிய நடைமுறைக் குறையால் நியாயமான உரிமை அழியக் கூடாது என்றது.

இரண்டு தீர்ப்பும் ஒன்றுக்கொன்று முரண் போலத் தோன்றும். சேர்த்துப் படித்தால் முரண் இல்லை. முதலாவதில் ஆள் யார் என்பதற்கே சான்று இல்லை. இரண்டாவதில் அவர் வங்கியின் அதிகாரிதான் என்பதில் ஐயம் இல்லை, அதிகாரப் பத்திரம்தான் இல்லை. பெரிய நிறுவனத்தின் வழக்கமான நடத்தையே அதற்குச் சாட்சியாகிவிடும். சிறிய கம்பெனிக்கு அந்த வசதி கிடையாது. அதற்குச் சாட்சி அதன் மினிட் புத்தகம்தான்.

கம்பெனி இல்லாதவர்கள்

நம்மவர்களில் பலர் கம்பெனி வைத்திருப்பதில்லை, கூட்டு வியாபாரம்தான் நடத்துகிறார்கள். அவர்களுக்கு இதைவிடக் கடுமையான ஒரு விதி உண்டு. 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின் 69-ஆம் பிரிவுப்படி, பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் ஒப்பந்த உரிமை கோரி வெளியார் மேல் வழக்குப் போட முடியாது. வெளியார் என்பதில் வங்கியும் அடங்கும். வழக்குப் போடும் கூட்டாளிகளின் பெயர் பதிவேட்டில் இருக்கவும் வேண்டும். அப்பா காலத்தில் பதிவு செய்து, அப்பா போன பிறகு மகன் பெயரைப் பதிவேட்டில் ஏற்றாமல் விட்டிருக்கும் கடைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தனி ஆள் நடத்தும் கடை என்றால் வழி எளிது. ஆனால் கடைப் பெயரில் வழக்குப் போடக் கூடாது. உரிமையாளர் தம் சொந்தப் பெயரில் போட வேண்டும்.

சங்கங்கள் பதிவாகும் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தென் கேரளத்தில் 1955-ஆம் ஆண்டு திருவிதாங்கூர் கொச்சி சங்கப் பதிவுச் சட்டம், கர்நாடகத்தில் 1960-ஆம் ஆண்டுச் சட்டம், பல மாநிலங்களில் 1860-ஆம் ஆண்டின் பழைய சட்டம். எங்கானாலும், சங்கத்தின் விதிமுறை யாரைச் சொல்லியிருக்கிறதோ அவர் பெயரில் வழக்கு நடத்துவதே பாதுகாப்பு.

எங்கள் பக்கத்தில் ஒரு அனுபவம்

எங்கள் பகுதியில் ஒரு சிறிய தமிழ் அமைப்பு. பேர் வேண்டாம், பாங்கு பேரும் வேண்டாம். தேர்தல் முடிந்து புதிய பொறுப்பாளர்கள் வந்தார்கள். தோற்ற தரப்பு பாங்குக்கு ஒரு கடிதம் எழுதியது; ஜெயித்த தரப்பு ஒரு கடிதம் எழுதியது. மேனேஜர் இரண்டையும் கோப்பில் வைத்துவிட்டு, கணக்கை நிறுத்திவிட்டார். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. ஏழைப் பிள்ளைகளுக்குப் புத்தகத்துக்கும் பீசுக்கும் கொடுத்த காசோலைகள் திரும்பி வந்தன. கடல் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். மழைக்காலத்தில் அந்த வீடுகளில் கையில் பைசா இருக்காது.

கணக்கு விஷயம் என்பதால் என்னையும் கூட்டிப் போனார்கள். பொருளாளர் அண்ணாச்சிக்கு ஒரே கோபம். "எங்க பைசாவைத் தராம இருக்க இவருக்கு என்ன அதிகாரம்? நாளைக்கே கேஸ் கொடுப்போம்" என்றார். "கேஸ் கொடுக்கலாம் அண்ணாச்சி. அன்யாயத்துல ஒப்பு போடப் போறது யாரு? நீங்களா, பழைய செயலாளரா? பாங்கு கேட்ட அதே கேள்வியைத்தானே கோர்ட்டும் கேக்கும்" என்றேன். மனுஷர் சற்று நேரம் பேசவில்லை.

பிறகு மினிட் புத்தகத்தை எடுத்தோம். பொதுக்குழு முடிவு அதில் இருந்தது, நல்ல தமிழில். மேனேஜருக்குத் தமிழ் பேசினால் புரியும், வாசிக்கத் தெரியாது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் மாநில அரசு அலுவலகங்களோடு தமிழில் எழுத்துத் தொடர்பு கொள்ள வழி செய்கிறது. வங்கி மாநில அரசு அலுவலகம் இல்லை. அந்தச் சலுகையை அங்கே காட்ட முடியாது. ஆகவே தீர்மானத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து, தலைவர் கையெழுத்தும் முத்திரையும் வைத்து, வந்திருந்தவர்கள் பட்டியலும் சேர்த்துக் கொடுத்தோம். பழைய தரப்பிலிருந்து மறுப்பு ஏதும் கோர்ட்டு உத்தரவாக வரவில்லை என்றதும் கணக்கு திறந்தது. ஆனால் அதற்குள் ஆகஸ்டு வந்துவிட்டது. இரண்டு பிள்ளைகளுக்கு அந்த வருஷம் வேறு ஆட்கள்தான் பணம் கட்டினார்கள்.

எங்கே போவது? எதற்குள் போவது?

முதலில் எழுத்தில் கேட்க வேண்டும். வாயால் கேட்டது கணக்கில் வராது. வங்கியிலுள்ள கேட்டதும் தரவேண்டிய பணத்துக்கு வழக்குப் போடும் காலவரம்பு, கேட்ட நாளிலிருந்து 3 ஆண்டு என்று 1963-ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டத்தின் 22-ஆம் இனம் சொல்கிறது. ஆகவே கேட்புக் கடிதத்தின் தேதி மிக முக்கியம். அதிகாரம் இல்லாதவர் போட்ட வழக்கு சில ஆண்டு நடந்து தள்ளுபடியானால், திரும்ப ஒழுங்காகப் போடுவதற்குள் இந்த 3 ஆண்டு கடந்திருக்கக்கூடும். உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர் அதிகாரியிடம் போகலாம். 1995-ல் வந்த இந்த ஏற்பாடு 2021-ல் ஒரே திட்டமாக ஒன்றுபடுத்தப்பட்டது. இதற்கு வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை. நுகர்வோர் ஆணையத்தில் வணிக நோக்கம் என்ற தடை கம்பெனிகளுக்கு எழும். சிவில் வழக்கு என்றால், 3 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வணிக வழக்குகளில் அவசர நிவாரணம் கேட்காதபோது முதலில் சமரசப் பேச்சுக்குப் போவது கட்டாயம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

அரசு வங்கியாக இருந்தால் இன்னொரு வாசலும் உண்டு. அது அரசின் அங்கம் என்பதால், தன்னிச்சையாக நடந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். தனியார் வங்கிக்கு இது பொதுவாகப் பொருந்தாது. ஆலுவாயைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபெடரல் வங்கி பற்றிய வழக்கில் 2003-ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. அதே ஆண்டில், கசகஸ்தானுக்குத் தேயிலை அனுப்பிய ஏ.பி.எல். இன்டர்நேஷனல் என்ற கம்பெனி, அரசுக்குச் சொந்தமான ஏற்றுமதிக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்ததற்கு எதிராகப் போட்ட ரிட் மனு செல்லும் என்றும் தீர்ப்பு வந்தது. ஆனால் சாட்சி விசாரணை வேண்டிய சிக்கல் இருந்தால் உயர் நீதிமன்றம் பெரும்பாலும் சிவில் கோர்ட்டுக்கே அனுப்பிவிடும்.

இன்றே செய்து வைக்கக்கூடியவை

ஒவ்வொரு வழக்கிலும் வக்கீலின் ஆலோசனை தேவைதான். ஆனால் வக்கீலிடம் போகும் நாளில் புதிதாக உண்டாக்க முடியாத சில உண்டு. கம்பெனி என்றால் நியமனத் தீர்மானங்களும், வழக்கு நடத்தும் அதிகாரம் யாருக்கு என்ற தீர்மானமும் மினிட் புத்தகத்தில் தேதியோடு இருக்கட்டும். கூட்டு வியாபாரம் என்றால் பதிவேட்டில் இன்றைய கூட்டாளிகள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சங்கம் என்றால், தேர்தல் முடிந்த கூட்டத்திலேயே வங்கிக்கான தீர்மானத்தையும் நிறைவேற்றிவிடுங்கள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விடாதீர்கள். மினிட் தமிழிலேயே எழுதுங்கள், அதை விட வேண்டாம். ஆனால் வங்கிக்கும் பதிவு அலுவலகத்துக்கும் போகும் தீர்மானத்துக்கு அந்த ஊர் அதிகாரி வாசிக்கக்கூடிய மொழியில் கையெழுத்திட்ட ஒரு நகலும் உடனுக்குடன் எடுத்து வையுங்கள்.

பணம் நம்முடையது என்பது ஒரு உரிமை. அதைக் கேட்க நான் உரியவன் என்று காட்டுவது இன்னொரு உரிமை. முதலாவதை உழைத்துச் சம்பாதிக்கிறோம். இரண்டாவதை எழுதி வைத்துத்தான் சம்பாதிக்க வேண்டும். சொந்த மண்ணில் நாலு பேர் வந்து "இவர்தான் இன்னார்" என்று சொல்லிவிடுவார்கள். வெளிமாநிலத்தில் அப்படிச் சொல்ல வரும் நாலு பேரும் நம் காகிதங்கள்தான். வருகிற ஆண்டுப் பொதுக்குழுவில் நம் சங்கங்களின் செயலாளர்கள் இதை ஒரு பொருளாகவே எடுத்துப் பேசினால் நன்றாக இருக்கும்.